வேலை கொடுத்த பிறகு: பணியிடத்தில் ஏற்பமைவு என்னும் உரிமை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு நம் மேடைகளில் இரண்டு வழிகள் பழகிப்போயிருக்கின்றன. ஒன்று தன்னம்பிக்கைக் கதை. அதில் ஒரு மனிதர் தடைகளையெல்லாம் தாண்டி வருகிறார். நாம் எழுந்து நின்று கைதட்டுகிறோம். அந்தத் தடைகளை அங்கே வைத்தது யார் என்று கேட்காமலே வீடு திரும்புகிறோம். மற்றொன்று இடஒதுக்கீட்டுக் கணக்கு. எத்தனை விழுக்காடு, எத்தனை பின்னடைவுக் காலியிடம் என்று எண்ணுகிறோம். அந்தக் கணக்கு தேவையானது, அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் பணி ஆணை வாங்கிய மனிதர் மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு என்ன நேர்கிறது என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இன்றைய என் பேச்சு அந்த மறுநாள் காலையைப் பற்றியது.

அதற்கு முன் சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். நாட்டளவில் அவர்களில் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 விழுக்காடு. ஆண்களில் 47, பெண்களில் வெறும் 23. 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று, 15 வயது நிரம்பிய மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்தே 23.8 விழுக்காடுதான் என்று கண்டது. அதே ஆய்வு அவர்களிடையே வேலையின்மை விகிதம் 4.2 என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. தேடியும் கிடைக்காதவர்களைத்தான் வேலையின்மை விகிதம் எண்ணும். தேடாதவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தேடுகிறவர்களாகவே இல்லை. முதியவர்களும் கடும் நோயுற்றவர்களும் அவர்களில் உண்டு, மறுக்கவில்லை. அவர்களைக் கழித்த பிறகும் ஒரு பெருங்கூட்டம் மிஞ்சும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே நம்மால் இருக்க முடியாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட கூட்டம் அது. அந்த முடிவுக்கு அவர்களைத் தள்ளியது எது?

என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் ஒரு மாற்றுத்திறனாளிக்குச் செய்து தர வேண்டிய மாற்றம் முதலில் ஒரு கேள்வியில் தொடங்குகிறது: “இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு என்ன தேவை?” கேட்க வேண்டும், பதிலைக் காதுகொடுத்து வாங்க வேண்டும், சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அதை எழுதிவைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சட்டம் இதைக் கடமையாக்கியிருக்கிறது. நாமோ அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகப் பட்டியல்களையும் சலுகைகளையும் கைக்கொண்டு வருகிறோம். நம் அலுவலகங்களில் பணப் பற்றாக்குறையைவிடப் பெரிய குறை இந்த உரையாடல் இல்லாததுதான்.

1. சொல்லும் சட்டமும்

2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் ‘ரீசனபிள் அகாமடேஷன்’ என்றொரு தொடர் வருகிறது. இதைத் தமிழில் சொல்ல நாம் தடுமாறுகிறோம். அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் ‘நியாயமான இடவசதி’ என்று வந்து நிற்கும். ஏதோ தங்கும் விடுதியைப் பற்றிய பேச்சுபோல ஆகிவிடும். சிலர் ‘தகவமைப்பு’ என்கிறார்கள். உயிரியல் பாடத்தில் நாம் படித்த தகவமைப்பு என்ன? பாலைவனத்தில் கள்ளியின் இலை முள்ளாகிறது. சூழலுக்கு ஏற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்கிறது. உடன்படிக்கை சொல்வது இதற்கு நேர் எதிரானது. இங்கே மாற வேண்டியது சூழல். ஆகவே ‘ஏற்பமைவு’ என்ற சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன்: ஆளுக்கு ஏற்ப வேலையின் அமைவைத் திருத்துவது. அலுவலகப் பேச்சில் இதற்குப் புழங்கும் சொல் ‘சலுகை’. “அவர் சலுகை கேட்கிறார்” என்கிறோம். சலுகை கொடுப்பவருக்குப் பெருந்தன்மை, வாங்குபவருக்கு நன்றிக்கடன். உரிமை இருக்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கும் வரை கேட்க வேண்டியவர் கேட்கக் கூசுவார்.

உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று உறுதிசெய்தது. அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டம் வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களைச் சொன்னது; இது 21 வகைகளைச் சொல்கிறது. பழைய 3 விழுக்காட்டு ஒதுக்கீடு 4 ஆனது. செய்தித்தாள்கள் இவற்றைத்தான் எழுதின. அதிகம் எழுதப்படாத மாற்றம் வேறொன்று. ஏற்பமைவை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் இரண்டாவது பிரிவு வரையறுக்கிறது. ஒருவரைத் திட்ட வேண்டாம், ஒதுக்க வேண்டாம், ‘முடியாது’ என்று ஒரு கோப்பில் எழுதினாலே போதும், பாகுபாடு நிகழ்ந்துவிட்டது. அரசு நிறுவனங்கள் ஏற்பமைவு செய்து தந்தே ஆக வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. இதற்கு ஒரு வரம்பும் உண்டு: அந்த மாற்றம் மிகையான, பொருத்தமற்ற சுமையாக இருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சுமையையும் ‘குறிப்பிட்ட ஒரு நேர்வில்’ என்று சொல்லித்தான் சட்டம் அளக்கிறது. பொதுவாக ‘செலவாகும்’, பொதுவாக ‘சரிவராது’ என்பன சட்டத்தின் முன் பதிலாகா. இந்த மனிதர், இந்த இருக்கை, இந்த வேலை என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சாய்தளம், மின்தூக்கி, அகலமான கதவு, ஒலி அறிவிப்பு ஆகியவை அணுகல்தன்மையைச் சேர்ந்தவை. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே இருக்க வேண்டியவை. ஏற்பமைவு ஒரு தனிமனிதரின் தேவையிலிருந்து பிறப்பது. 2024 நவம்பரில் அணுகல்தன்மை விதிகள் குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சாய்தளம் கட்டிவிட்டோம் என்று சொல்லிவிட்டுச் செவித்திறன் அற்ற ஊழியரின் தேவையை யாரும் மூடிவிட முடியாது.

2. பட்டியலின் பிடி

இந்திய அரசு 2021 ஜனவரி 4 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று 3,566 பதவிகளைக் கண்டறிந்து அறிவித்தது. அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பதவிக்கும் எதிரே ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் வரிசையாக நிற்கும். ‘எஸ்’ என்றால் உட்காருதல், ‘எஸ்டி’ என்றால் நிற்றல், ‘டபிள்யூ’ நடத்தல், ‘பிஎன்’ குனிதல், ‘எம்எஃப்’ விரல்களால் கையாளுதல், ‘எஸ்இ’ பார்த்தல், ‘எச்’ கேட்டல். பிறகு எந்த வகை ஊனம் உள்ளவர் அந்தப் பதவிக்குப் பொருந்துவார் என்று வேறொரு கட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வேலையும் உடலின் அசைவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மனித உடலும் அதற்கு எதிரே வைத்து அளக்கப்படுகிறது.

இப்பட்டியல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பதவியையும் தர மாட்டோம் என்று துறைகள் கைவிரித்த காலத்தில், “இதோ பட்டியலில் இருக்கிறது” என்று காட்ட அது உதவியது, இன்றும் உதவுகிறது. என் குறை அதன் தருக்கத்தைப் பற்றியது. ஒரு வேலை இதுவரை எப்படிச் செய்யப்பட்டு வந்ததோ அதையே அந்த வேலையின் இயல்பு என்று பட்டியல் எடுத்துக்கொள்கிறது. காகிதக் கோப்பைப் புரட்டிய காலத்தில் ‘பார்த்தல்’ தவிர்க்க முடியாததாகத் தோன்றியிருக்கும். கோப்பு கணினிக்கு வந்த பிறகு அதே வேலைக்குப் ‘படித்தறிதல்’ போதும். கண்ணாலும் படிக்கலாம், காதாலும் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு மிகாமல் பட்டியலை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எத்தனை முறை திருத்தினாலும் ஒரு பட்டியல் ஊன வகையைத்தான் பார்க்கும். ‘குறை பார்வை’ என்ற ஒரே பெட்டிக்குள் எழுத்தைப் பெரிதாக்கினால் படித்துவிடுகிறவரும் இருக்கிறார், வெளிச்சம் கூடினால் ஒன்றும் தெரியாமல் போகிறவரும் இருக்கிறார். முதலாமவருக்குத் தேவை பெரிய திரை. இரண்டாமவருக்குத் தேவை சன்னலிலிருந்து தள்ளிப்போட்ட மேசை. இதை அவர்களிடம் கேட்காமல் எந்த நிபுணர் குழு கண்டுபிடிக்கும்?

நீதிமன்றங்கள் பட்டியலிலிருந்து மனிதரை நோக்கி நகர்ந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. நம் மாநில உரிமையியல் நீதிபதித் தேர்வில் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற வரம்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சரியென்றது. 70 விழுக்காடு பார்வைக் குறைபாடு உள்ள வழக்கறிஞர் ஒருவர் அதனால் வாய்ப்பிழந்தார். 2021 பிப்ரவரி 11 அன்று, எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நிலை உள்ள குடிமைப்பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறு பாதையில் சென்றது. அவருடைய ஊனம் 40 விழுக்காட்டைத் தொடவில்லை என்று சொல்லி, எழுதுவதற்கு உதவியாளரைத் தேர்வாணையம் மறுத்திருந்தது. நாற்பது என்ற எல்லை ஒதுக்கீட்டுக்கு உரியது, ஏற்பமைவுக்கு அது எல்லையாகாது என்றது அமர்வு. ஏற்பமைவு தனிமனிதரின் தேவையைப் பார்த்து அமைய வேண்டும் என்றும், 2019 தீர்ப்பு இக்கோட்பாட்டைக் கருத்தில் கொள்ளவில்லை என்றும் அது சொன்னது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பார்வைத் திறன் அற்றவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியையே நீக்கியது. ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது. தீர்ப்புகளில் வந்துவிட்ட மாற்றம் அலுவலக மேசைக்கு இன்னும் வரவில்லை என்பதே என் கவலை.

3. வேலைக்குத் தேவை எது, வழக்கம் எது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீசின் வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். மேடைகளில் இது மன உறுதியின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவருடைய மன உறுதியில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதே நிகழ்ச்சியை மருத்துவமனையின் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். வயிற்று அறுவையை நின்றுகொண்டு செய்வார்கள். கை அறுவை அப்படியல்ல. நோயாளியின் கையைச் சிறிய மேசைமேல் நீட்டிவைத்து, மருத்துவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, தசைநாண்களை நுணுக்கமாகப் பிரித்து எடுத்துத் தைப்பார். கால் இயங்கும் மருத்துவர்களும் உட்கார்ந்தே செய்கிற வேலை அது. அங்கே கை சீரமைப்பு அறுவையை வளர்த்தெடுத்துக்கொண்டிருந்த மருத்துவர் பால் பிராண்ட் இதைக் கண்டுகொண்டார். “இவரால் இனி அறுவை செய்ய முடியாது” என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். மருத்துவமனையினரோ ‘அறுவை மருத்துவர்’ என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தார்கள்: இதில் நிற்க வேண்டிய பகுதி எது, கையும் கண்ணும் மட்டும் போதுமான பகுதி எது? நோயாளியின் பாதுகாப்பில் ஒரு நூலளவும் குறையவில்லை. வேலைப் பங்கீடு மாறியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பதற்கே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஏற்பமைவு இது.

பிரித்துப் பார்க்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடைத்தெருவே சான்று. பலமாடி ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் விற்பனையில் இருக்கும் பெண்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும் வரை நின்றார்கள். வாடிக்கையாளர் வராத மதிய நேரத்திலும் நின்றார்கள். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்பது கடைக்காரர் மனத்தில் இருந்த ஒரு வழக்கம். புடவையை எடுத்து விரித்துக் காட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 2018இல் கேரளமும், 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் தொடர்பான சட்டங்களைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டுச் சட்டத்தில் அது 22-ஏ பிரிவு. கால் வீங்கிய பெண்களுக்காக வந்த சட்டம் அது. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பிய பெண்ணுக்கு அந்தக் கடை வேலை எத்தனை ஆண்டுகளாக மூடிக் கிடந்தது! ‘நிற்க முடியாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது’ என்ற முடிவுக்கு அடிப்படையாக இருந்தது, ஒரு நாற்காலி போடாத வழக்கம்.

4. படமாகிப்போன சுற்றறிக்கை

பார்வையற்ற ஓர் அலுவலக உதவியாளரை எடுத்துக்கொள்வோம். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர்கள் உருவாக்கி உலகுக்குக் கொடுத்தது. தமிழையும் வாசிக்கும். கணினி முன்பே மேசையில் இருக்கிறது. ஆக, செலவு ஒன்றுமில்லை. ஏற்பமைவு முடிந்தது என்று தோன்றும். மறுநாள் ஒரு சுற்றறிக்கை வருகிறது. கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, மறுபடி வருடியில் ஒளிவருடி, படமாக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். மென்பொருளுக்கு அது ஒரு படம். அதில் வாசிக்க எழுத்தே இல்லை. பக்கத்து மேசைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வாசித்துக்காட்ட வேண்டும். எழுத்தாகவே கோப்பு வந்தாலும் இன்னொரு இடர் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பில் ‘வணக்கம்’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினியின் நினைவில் அது ஆங்கில எழுத்துகளின் கோவை. மென்பொருள் அதை “டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி” என்று வாசிக்கும். ஒரு வணக்கத்துக்கே இந்தப் பாடு என்றால் மூன்று பக்க அரசாணையைச் செவியால் படிப்பவரின் நிலையை நினைத்துப்பாருங்கள். ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். பழைய எழுத்துருக்கள் இன்றும் பல மேசைகளில் உயிரோடிருக்கின்றன.

இந்த ஊழியருக்குத் தேவைப்படுவது இரண்டே வரி உத்தரவு: கோப்புகள் ஒருங்குறியில் இருக்க வேண்டும், ஒளிவருடிய படத்தோடு மூலக் கோப்பையும் அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அவரிடம் கேட்டால்தான் இது தெரியவரும். கேட்காமலே அவருக்கு ஒரு பிரெய்ல் தட்டச்சுப்பொறி வாங்கிக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் அலுவலகம், பணத்தைச் செலவழித்தும் தன் கடமையில் தவறியதாகவே நான் கருதுவேன்.

5. செலவு என்னும் மறுப்பு

‘மிகையான சுமை’ என்பதை முதல் பதிலாகவே நீட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1983 முதல் இயங்கும் பணி ஏற்பமைவு ஆலோசனை வலையமைப்பு, தன்னிடம் ஆலோசனை கேட்ட முதலாளிகளை ஆண்டுதோறும் விசாரித்துவருகிறது. செய்த மாற்றங்களில் ஏறக்குறைய பாதிக்கு எந்தச் செலவும் ஆகவில்லை என்பது அவர்கள் சொன்ன பதில்; ஒருமுறைச் செலவு ஆனவற்றின் இடைநிலை அளவு சுமார் 300 டாலர். இந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆலோசனை கேட்க முன்வந்தவர்கள் ஏற்கெனவே மனம் உள்ளவர்கள்; அங்கே கட்டடங்கள் முன்பே அணுகத்தக்கவையாக இருக்கின்றன. ஆனாலும் அது ஓர் உண்மையைக் காட்டுகிறது: ஏற்பமைவுகளில் பெரும்பகுதி நேரத்தையும் முறையையும் மாற்றுவது. குருதி மாற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா உள்ளவருக்கு மாதத்தில் ஒருநாள் நேரமாற்றம். மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு, காலையில் மருந்தின் அசதி தீரும் வரை தள்ளிய வருகை நேரம். ஆட்டிசம் உள்ளவருக்கு வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் தெளிவான உத்தரவு. இவற்றுக்கு எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும்?

செலவே ஆகாது என்று சொன்னால் அது நேர்மையாகாது. சைகைமொழி பெயர்ப்பாளருக்குக் கூட்டந்தோறும் ஊதியம் தர வேண்டும். போதிய பெயர்ப்பாளர்களும் நாட்டில் இல்லை. பழைய கட்டடத்தில் மின்தூக்கி வைப்பது பெருஞ்செலவு. பத்துப் பேர் வேலைசெய்யும் பட்டறைக்காரரால் இதைத் தனியே சுமக்க முடியாமல் போகலாம். பிரிட்டன் 1994 முதல் ‘வேலைக்கு அணுகல்’ என்ற திட்டத்தின்வழி இத்தகைய செலவில் அரசுப் பங்கைத் தருகிறது. நம்மிடமும் ஒரு திட்டம் 2008 ஏப்ரலில் தொடங்கியது: மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் உள்ள மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுக்கும் தனியார் நிறுவனத்தின் வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. பங்களிப்பை மூன்றாண்டுகளுக்கு மத்திய அரசே கட்டும் என்று அது அறிவித்தது. பெரிய வரவேற்பு இல்லை. அத்திட்டம் ஆளைச் சேர்த்ததற்குப் பரிசு தருகிறது. ஆளைத் தக்கவைக்கத் தேவையான மாற்றத்துக்கு ஒன்றும் தருவதில்லை. சட்டத்தின் 88ஆம் பிரிவு மாநில நிதியம் ஒன்றை அமைக்கச் சொல்கிறது. சிறு நிறுவனங்களின் ஏற்பமைவுச் செலவில் ஒரு பங்கை அதிலிருந்து தரும் திட்டத்தைத் தமிழ்நாடு வகுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

6. “அவருக்கு மட்டும் ஏன்?”

சக ஊழியர்களின் இந்தக் கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்பமைவு என்ற கருத்து அமெரிக்கச் சட்டத்தில் முதலில் நுழைந்தது ஊனம் தொடர்பாக அன்று. 1972இல் ஊழியர்களின் சமய ஒழுக்கம் தொடர்பாக. ஓய்வுநாளில் வேலை செய்யாத சமயத்தவருக்கு முறைமாற்று நேரத்தைத் திருத்திக் கொடுப்பதற்காக வந்த சொல் அது. நம் அலுவலகங்களுக்கும் இது புதிதன்று. வெள்ளிக்கிழமை தொழுகைக்குச் செல்பவர் உணவு இடைவேளையைச் சற்று நீட்டிக்கொள்கிறார். சபரிமலைக்கு மாலை போட்டவர் தாடியோடும் வெறுங்காலோடும் வருகிறார். பச்சிளங் குழந்தை உள்ள தாய் ஒருமணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார். யாரும் விதிப்புத்தகத்தை எடுப்பதில்லை. ஆளுக்கு ஏற்ப விதியை நெகிழ்த்தும் பண்பு நம்மிடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்று வரும்போது மட்டும் அது சட்டென்று விறைத்துக்கொள்கிறது.

ஆனால் ஒருவருக்குச் செய்யும் மாற்றம் இன்னொருவர் தலையில் சுமையாக விழுந்தால் அந்தக் கேள்வி நியாயமானது. களப்பணியிலிருந்து ஒருவரை விடுவித்து, அவர் பங்கையும் பக்கத்து இருக்கைக்காரரே செய்யட்டும் என்று விட்டுவிடுவது ஏற்பமைவு ஆகாது. அது நிர்வாகத்தின் சோம்பல். வேலையைப் பண்டமாற்றாகப் பிரிக்க வேண்டும்: களப்பணி இவருக்கு என்றால் அறிக்கைத் தயாரிப்பு அவருக்கு. விடுவித்துவிட்டு வேலையே கொடுக்காமல் மூலையில் உட்காரவைப்பது இன்னும் கொடியது. “பாவம், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்” என்ற கனிவில் பல ஆண்டுகளாக ஒரு கோப்பும் கைக்கு வராமல், அதனாலேயே பதவி உயர்வும் வராமல் போகிறவர்கள் உண்டு. வேலை தரத் தவறுவதும் மறுப்புத்தான்.

போலிச் சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். ஒதுக்கீட்டில் போலிகள் நுழைவது உண்மை. கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டியது. ஆனால் ஒதுக்கீட்டால் கிடைப்பது வேலை. அதற்காகப் பொய் சொல்ல ஆசை வரும். ஏற்பமைவால் கிடைப்பது திரைவாசிப்பு மென்பொருளும் உயரம் குறைந்த மேசையும். இவற்றுக்காக யார் போலிச் சான்றிதழ் வாங்கப்போகிறார்? இடமாற்ற விலக்கு போன்ற ஒன்றிரண்டில் கண்காணிப்பு தேவைப்படலாம். அதற்காக எல்லாக் கோரிக்கையையும் ஐயத்தோடு பார்ப்பது முறையாகாது.

இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இந்த உரிமையைப் ‘பிறர்’ உரிமையாக நினைப்பவர்கள் தங்கள் வயதை மறந்துவிடுகிறார்கள். நீரிழிவால் பார்வை மங்குவதும், பக்கவாதத்தால் கை தளர்வதும், பார்க்கின்சன் நடுக்கமும் வேலையில் இருக்கும்போதே வருபவை. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் மிகைப் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. 1995 சட்டத்திலேயே இந்தக் காப்பு இருந்தது. இருந்தும் 2025 ஆகஸ்டில்கூட, நிறக்குருடு என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கப்பட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப்பணி தரச் சொல்ல உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

7. எழுதிவைக்கப்பட்ட கொள்கை

தனியார் நிறுவனங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பீர்கள். 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் சொல்கிறது. சட்டத்தின் பலவீனமான இடம் அது. ஆனால் 21ஆம் பிரிவு எல்லா நிறுவனங்களையும் கட்டும். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் தனியார் நிறுவனம் என்றால், மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்னென்ன வசதிகள், எந்தெந்தப் பதவிகள், அவர்களுக்கான தொடர்பு அலுவலர் யார் என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் விளக்குகின்றன. அந்தக் கொள்கை நிறுவனத்தின் இணையதளத்தில், இல்லையேல் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கப்பட வேண்டும். சட்டத்தை மீறினால் முதன்முறை 10,000 ரூபாய் வரையும், மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம்.

இந்த அவையில் அலுவலகத் தலைவர்கள் இருக்கிறீர்கள், ஊழியர் சங்கப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள், கல்லூரி முதல்வர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது மிகச் சிறியது. திங்கட்கிழமை காலை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தையும் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். அந்தக் கொள்கை அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். இருந்தால், அது ஒளிவருடிய படமாக இருக்கிறதா, ஒருங்குறி எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்களோடு வேலை செய்யும் மாற்றுத்திறனாளி நண்பரிடம் போய், அதை அவரால் படிக்க முடிகிறதா என்று அவரையே கேளுங்கள்.